அடுப்பில்லாப் புதன்கிழமை

உ
எல்லையம்மன் துணை

செங்கல்பட்டு,
கத்திரி வெயில் காலம், வெள்ளிக்கிழமை மத்தியானம்

அன்பு நாத்தனார் ரேணுகாவுக்கு அண்ணி சம்பூர்ணம் ஆசீர்வாதங்களோடு எழுதுவது. இங்கே நாங்களும் வெயிலும் சௌக்கியம். வெயில் எங்களைவிட ஒரு படி கூடுதல் சௌக்கியம். அங்கே நீயும் தம்பி ரமேஷும் சுகமாக இருக்கவும், உங்கள் புதுப்பட்டினத்துக் கடற்காற்று மத்தியானத்துக்கு மேல் தவறாமல் வந்து சேரவும் அம்மனை வேண்டிக்கொள்கிறேன். கடிதத்தின் நாலு மூலையிலும் மஞ்சள் இருப்பதைப் பார்த்து, மோகனுக்குக் கல்யாணம் கூடிவிட்டது என்று தெருவில் சொல்லிவிடாதே. இது வேறு விசேஷம், படித்துக்கொண்டே வா. போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் உன் அண்ணன் அதை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக் கூடத்து மேஜையில் வைத்துவிடுகிறார். நீ என்னைக் கேட்பதற்கெல்லாம் அவரே பதில் சொல்லிவிடுகிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் அது மோகனின் கம்ப்யூட்டரிலும் தெரிகிறதாம், ஆபீஸ் மீட்டிங் நடுவில் படித்துவிட்டுச் சிரிக்கிறான். மனசில் இருப்பதைப் போட்டு வைக்க இப்போது எனக்குத் தபால்பெட்டி ஒன்றுதான் பாக்கி.

முதலில், புதன்கிழமை வருகிறேன் வருகிறேன் என்று வாராவாரம் சொல்லி, நீயும் நெத்திலி வாங்கி மசாலா தடவி வைத்துக் காத்திருந்து, நான் வராமலே போனதற்கு மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே. இந்த ஆசையைக் கிளப்பிவிட்டவரே உன் வீட்டுக்காரர், நம் ரமேஷ் தம்பிதான். மாம்பழம் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு, மோர் குடித்துக்கொண்டே சொன்னார்: "யக்கா, மாமல்லபுரத்து ஓட்டல்ல கார் ஓட்டறவனுக்கு ஞாயித்துக்கெழம எங்க லீவு? எனக்குப் புதங்கெழமதான். ஒரு புதங்கெழம வந்து பாரு, கடலாண்ட ஈ காக்கா இருக்காது. நமக்கு ஒருத்தருக்காவத்தான் அல வந்துகினு கீதோன்னு தோணும்." அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் அன்றிலிருந்து தோசைக்கல்லில் மாவு ஊற்றும்போதுகூட அந்த அலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு காயும், நான் திருப்ப மாட்டேன், உன் அண்ணன் உள்ளே வந்து "இன்னா கருகுது?" என்பார். நான்தான் கருகுகிறேன் என்று சொல்ல நாக்கு வரை வரும்.

நான் வீட்டுக் கணக்கு எழுதுகிறவள் என்பது உனக்குத் தெரியும். பாலுக்கும் சோப்புக்கும் கணக்குப் பார்க்கிற புத்தியில் கிழமைகளுக்கும் ஒருநாள் கணக்குப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் லீவு, ஆகவே எனக்கு இரட்டை வேலை. திங்கள் சிவனுக்கு. செவ்வாயும் வெள்ளியும் அம்மனுக்கு, வீடு முழுக்கக் கழுவ வேண்டும். வியாழன் குருபகவானுக்கு, சனி பெருமாளுக்கு. புதன்கிழமையில் மட்டும் எங்கள் வீட்டுச் சாமிகள் யாரும் துண்டு போட்டு இடம் பிடிக்கவில்லை. அந்தக் காலி சீட்டில் ஒரே ஒரு நாள் நான் உட்கார்ந்துகொள்ளலாம் என்று நினைத்து, ராத்திரி சாப்பாட்டின்போது, வருகிற புதன்கிழமை எனக்கு லீவு வேண்டும் என்று கேட்டேன். உன் அண்ணன் சாம்பார் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"லீவா? நீ இன்னா ஆபீசுக்கா போற, லீவு போடறதுக்கு?"

"ஆபீசுக்குப் போயிருந்தா அவங்களே குடுத்திருப்பாங்க. வூட்ல கீறதாலதான் கேக்க வேண்டிகீது."

"வெயில் காலத்துல யாராவது லீவு கேப்பாங்களா? பேன் வாங்க ஜனம் கடையில வந்து நிக்குது, நானே மூச்சு உடாம கீறேன். ஐப்பசில பாத்துக்கலாம், போ."

ஐப்பசியில் மழை கொட்டும், ஏரி நிரம்பும். அப்போது எனக்குக் கடல் எதற்கு, வாசலில் வந்தே நிற்கும். மோகன் வேறு, வாயில் அப்பளத்தோடு, "எம்மா, லீவு வேணும்னா முன்கூட்டியே அப்ளை பண்ணணும். உன் எடத்துல யாரு வேல பாப்பாங்கன்னு அதுல எழுதணும்" என்றான். யார் பார்ப்பார்கள் என்று நான் கேட்டேன். "அதான், ரிஜெக்ட் ஆயிடும்னு சொல்ல வரேன்" என்று அடுத்த அப்பளத்தை எடுத்துக்கொண்டான்.

மறுநாள் ஈஸ்வரன் கோயிலுக்குப் போனேன். கத்திரியில் லிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரம் தொங்கவிடுவார்களே, அடியில் ஓட்டை போட்ட செம்பு, அதிலிருந்து பன்னீரும் விளாமிச்சை வேரும் போட்ட தண்ணீர் சொட்டுச் சொட்டாக அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. பார்க்கப் பார்க்க எனக்கே குளிர்ந்தது. கொஞ்ச நேரத்தில் கொஞ்சம் பொறாமையும் வந்தது, தப்புதான். மூன்று கண்ணில் ஒன்றை நெருப்பாகவே வைத்திருக்கிறவருக்கே இந்த வெயில் தாங்காது என்று செம்பு கட்டிவிட்டார்கள், கேஸ் அடுப்பின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் நிற்கிறவளுக்கு ஒரு நாள் கூடாதா என்று கேட்டேன். கேட்டதோடு விடாமல், நம் வழக்கப்படி பூவும் கேட்டேன். "புதன்கிழமை அடுப்புப் பக்கம் போகவேண்டாம் என்றால் வலப்பக்கம் பூ கொடு" என்று மனசில் சொல்லி முடிக்கவில்லை, ஒரு நந்தியாவட்டை வலப்பக்கமாக நழுவி விழுந்தது. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் தண்ணீருக்கு இடப்பக்கமும் தெரியும் அல்லவா? நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாமி உத்தரவாகிவிட்டது, இனிமேல் புதன்கிழமை இந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக்கூடாது என்றேன். முந்தின ராத்திரி எனக்கு லீவு இல்லை என்ற அதே மனிதர், கையைக் கழுவிக்கொண்டு வந்து விபூதி வாங்கிப் பூசிக்கொண்டு, "சாமி சொன்னா அப்புறம் இன்னா பேச்சு" என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது.

முதல் புதன்கிழமை விடியலில் குளித்து, உனக்காக ஒரு பையில் முருங்கைக்காய் கட்டி, செருப்பில் ஒரு கால் நுழைத்துவிட்டேன். "எங்க கெளம்பற?" என்று பின்னாலிருந்து குரல். ரேணுகா வீட்டுக்கு என்றேன். "விரதம்னு சொல்லிட்டு வூட்ட உட்டுப் போவலாமா? விரதம் கீறவங்க பூஜ ரூமாண்டதான் ஒக்காரணும். சாமி குத்தம் ஆயிடும்" என்றார். நான் வேண்டியது லீவு. அவர் கொடுத்தது விரதம். வாயால் சொன்னவள் எப்படி மறுப்பது? எங்கள் பூஜை அறை மாடிப்படிக்கு அடியில் இருப்பதை நீ பார்த்திருக்கிறாய், நிமிர்ந்தால் படி தலையில் இடிக்கும். பேன் கடை வைத்திருக்கிறவர் வீட்டில் அந்த ஒரு இடத்தில்தான் பேன் கிடையாது, காற்றுப் பட்டால் விளக்கு அணைந்துவிடும். அந்தக் கத்திரியில், கதவைச் சாத்தி, குத்துவிளக்கின் ஐந்து முகத்தையும் ஏற்றி, அதற்கு எதிரில் என்னை உட்காரவைத்துவிட்டுத் தகப்பனும் பிள்ளையும் கூடத்தில் பேனைச் சுழலவிட்டுக்கொண்டு ஓட்டல் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் ஸ்லோகம் சொல்லச் சொல்ல, "எம்மா, ஊறுகா எங்க கீது?", "எம்மா, தண்ணி பாட்டில் எங்க கீது?", "எம்மா, இந்தப் பேப்பரெல்லாம் எங்க போடறது?" என்று ஒவ்வொன்றாக வந்தது. அடுப்பு ஒன்றுதான் பற்றவைக்கவில்லை, மற்ற எல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது.

இதோடு முடிந்திருந்தால் அடுத்த வாரம் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அன்றைக்குச் சாயங்காலம் பார்த்து மழை பெய்தது. கத்திரியில், ஒரு தூறல் இல்லை, நல்ல மழை. அதுவும் எங்கள் தெருவில் பெய்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போகாமல் நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக் கண்ணகி, மத்தியானம் கறிவேப்பிலை கேட்டு வந்தபோது நான் வியர்த்து ஊற்ற உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள், நனைந்துகொண்டே ஓடி வந்தாள். "யக்கோவ், இன்னா விரதம்க்கா இது? மேகத்த இஸ்த்துகினு வந்துட்டியே!" அடுப்பில்லா விரதம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? கண்ணகியின் வாய் எங்கள் தெரு முழுக்கக் கேபிள் இழுத்ததற்குச் சமம்.

அடுத்த புதன்கிழமை நான் பையை எடுக்கும் முன்பே வாசலில் பெண்கள் வந்து நின்றுவிட்டார்கள். அவரவர் வீட்டில் அடுப்பை அணைத்து வைத்துவிட்டு, விரதத்தை என் வீட்டில் உட்கார்ந்து முடிப்பதற்கு. அவரவர் வீட்டில் இருந்தால் புருஷன்மார் ஒரு டீ, ஒரே ஒரு டீ என்று கேட்பார்களாம், விரதம் கலைந்துவிடுமாம். வந்தவர்களுக்கு நைவேத்தியம் வேண்டாமா? அடுப்பில் வைக்காத நைவேத்தியம் என்றால் சுலபம் என்று நினைக்காதே. வெல்லம் தட்டிப் பானகம் கரைக்கவேண்டும், எலுமிச்சம்பழம் பிழியவேண்டும், பாசிப்பருப்பு ஊறவைத்து, வெள்ளரியும் மாங்காயும் நறுக்கி, தேங்காய் துருவிக் கலக்கவேண்டும், அவல் நனைக்கவேண்டும், பானை பானையாக மோர் கடையவேண்டும். அடுப்பு இருந்திருந்தால் ஒரு அண்டா சாம்பார் சாதத்தில் முடித்திருப்பேன். பெண்கள் கூடத்தில் கால் நீட்டி உட்கார்ந்து கதை பேசிக்கொண்டு, கண்ணயர்ந்துகொண்டு, எழுந்து பானகம் குடித்துக்கொண்டு இருந்தார்கள். உதவி செய்ய யாராவது எழுந்தால் உன் அண்ணன் தடுத்துவிடுவார்: "நீங்க விரதம் இருக்க வந்தவங்கம்மா, நீங்க கைய வெக்கக்கூடாது. சாமி உத்தரவு குடுத்தது இவளுக்குத்தான்."

ஆமாம் ரேணுகா, விரதத்துக்கு இப்போது உன் அண்ணன்தான் தலைவர். கடையிலிருந்து டேபிள் பேன்களைக் கொண்டுவந்து கூடத்தில் வரிசையாக வைத்திருக்கிறார். காற்று வாங்கிப் பார்த்தவர்கள் போகும்போது விலை கேட்கிறார்கள். வாசலில் பேனர் கட்டியிருக்கிறார். அதில் அம்மன் படம் சிறிசாக, அவர் படம் நடுத்தரமாக, மிக்சி படம் பெரிசாக. என் படம் இல்லை, நல்லவேளை. விதிகள் வேறு சொல்கிறார். "பானகத்துல சுக்கு ஜாஸ்தி போடணும், அதான் ஐதீகம்" என்கிறார். எந்த ஐதீகம்? இந்த விரதத்துக்கு வயசு ஒரு கேஸ் சிலிண்டரின் வயசுகூட ஆகவில்லை, நான் தேதி எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாவது புதன்கிழமை ஆண்களும் வந்தார்கள். வீட்டில் அடுப்பு எரியவில்லை, அவர்களும் எங்கே போவார்கள்? அன்றைக்குத் தம்ளர் கழுவியே என் மருதாணி வெளுத்துப்போனது.

தாங்காமல் மறுபடி ஈஸ்வரன் கோயிலுக்குப் போய்க் குருக்களைப் பிடித்தேன். சாமி கொடுத்த உத்தரவைத் திருப்பிக் கொடுக்க வழி உண்டா என்று கேட்டேன். அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அப்படியெல்லாம் செஞ்சுடாதேள்மா. வர்ற புதன்கிழமை எங்காத்து மாமி உங்காத்துக்கு வர்றதா இருக்கா. நாலு நாளா அதையே சொல்லிண்டு ரொம்ப சந்தோஷமா இருக்கா." விபூதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கண்ணகியிடமாவது சொல்லி இந்தக் கூட்டத்தைக் கலைக்கலாம் என்று, நேற்றுப் பாத்திரம் கழுவும்போது பக்கத்தில் வந்தவளிடம் ஆரம்பித்தேன். விரதத்தை நிறுத்திவிடலாமா என்று இருக்கிறேன் என்றேன். அவள் முகம் விழுந்துவிட்டது. "வேணாங்க்கா. உனுக்குப் புண்ணியமாப் போவும். நெசத்த சொல்லட்டா? சாமி கும்புடத்தான் வரேன், இல்லேங்கல. ஆனா கல்யாணமானதுலேர்ந்து அடுப்பு மூஞ்சப் பாக்காம ஒரு பகல் ஒக்காந்தது இந்த ரெண்டு புதங்கெழமதான். நேத்து என் வூட்டுக்காரரு கேக்கறாரு, இன்னாடி மொகம் தெளிவா கீதுன்னு." சொல்லிவிட்டு எதுவுமே சொல்லாதவள் மாதிரி தம்ளரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

புதன்கிழமை கூடத்தை எட்டிப் பார்த்தது அப்போது கண்ணில் வந்து நின்றது ரேணுகா. ஜாக்கெட்டின் கழுத்துப் பட்டனைத் தளர்த்திவிட்டு, பேன் காற்றில் முந்தானை பறக்க, வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். யாருக்கும் யாரும் டீ போடவில்லை. நான் கேட்ட லீவு தெருவுக்கே கிடைத்துவிட்டது, எனக்கு மட்டும்தான் டியூட்டி. விரதத்தை நிறுத்தினால் இத்தனை பேருடைய புதன்கிழமையையும் நானே பிடுங்கினதாக ஆகும். அது சாமிக் குத்தத்தைவிடப் பெரிய குத்தம் என்று எனக்குப் பட்டது.

ஆகவே நான் மனசைத் தேற்றிக்கொண்டேன். வருகிற புதன்கிழமை கத்திரிக்குள் வருகிற கடைசிப் புதன், விரத நிறைவு. உன்னையும், ரமேஷையும், உன் தெருவில் வர விருப்பப்படுகிற எல்லாப் பெண்களையும் மஞ்சள் தடவிய கடிதத்தில் முறைப்படி அழைக்கவேண்டும் என்று உன் அண்ணன் உத்தரவு. அழைத்துவிட்டேன். ஓட்டல்காரர்கள் மனசு மாறுவதற்குள் தம்பியின் லீவையும் பிடித்துக்கொண்டு முதல் பஸ்ஸிலேயே வந்துவிடு. நீயும்தான் அந்த உப்புக்காற்றில் வருஷம் முழுக்க மீன் குழம்போடு மல்லுக்கட்டுகிறாய், ஒரு பகல் இங்கே வந்து கால் நீட்டி உட்கார். நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்குக் கடலும் வேண்டாம் அலையும் வேண்டாம். சாமி எந்த இடத்தில் என்னை நிறுத்தினாரோ அந்த இடத்தில் நின்று எலுமிச்சம்பழம் பிழிகிறேன். இனிமேல் லீவு என்ற பேச்சை என் வாயால் எடுப்பதில்லை என்று அம்மனுக்கு முன்னால் தீர்மானம் பண்ணிக்கொண்டேன். மனசும் இப்போது நிம்மதியாகத்தான் இருக்கிறது, வெயில்தான் கொஞ்சம் அதிகம்.

நீயும் ரமேஷும் நோய்நொடி இல்லாமல், தாலியும் குங்குமமும் நிலைத்து, தண்ணீர்க் கஷ்டமில்லாத வீட்டில் நெடுநாள் வாழ எல்லையம்மனும் ஈஸ்வரனும் அருள் செய்யட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி
அ. சம்பூர்ணம்

பி.கு.: மேலே எழுதியதை ஒட்டலாம் என்று சோற்றுப் பருக்கை எடுக்கப் போனேன். சமையலறையில் உன் அண்ணன் இரண்டு மூட்டை வெள்ளரிக்காய் இறக்கி வைத்துவிட்டு, "நிறைவு நாளு, கொஞ்சம் கூட்டம் வரும், தாலுக்கா ஆபீஸ்லயும் சொல்லிட்டேன்" என்றார். அதனால் தீர்மானம், நிம்மதி என்று நான் எழுதிய பாகத்தை மட்டும் அடித்துவிட்டுப் படி. அழைப்பு அப்படியே இருக்கட்டும். நீ கண்டிப்பாக வா, தெருவையே அழைத்துக்கொண்டு வா. ரமேஷையும் விட்டுவிட்டு வராதே. அவர் வீட்டில் இருந்தால் நான் டீ போடவேண்டி வரும். கிளம்பும்போது வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டு மேரியிடம் கொடுத்துவிடு, ஒரு பாயையும் எடுத்து வெளியே வை. நெத்திலி வேண்டாம், ஒன்றும் வேண்டாம். உன் அடுப்பையும் தொடமாட்டேன். உண்மையான விரதம் அன்றைக்குத்தான் இருக்கப்போகிறேன். இங்கே பெண்கள் யாருக்கும் லீவு கெடாது. நிறைவு நாள் நைவேத்தியம் ஆண்கள் கையால் செய்தால்தான் பலிக்கும் என்று கண்ணகியிடம் சொல்லியிருக்கிறேன், இந்நேரம் தெருக்கோடிக்குப் போயிருக்கும். ஐதீகம் உண்டாக்க உன் அண்ணனுக்கு மட்டும்தானா தெரியும்? என்னை எங்கே என்று கேட்டால் தெரியாது என்று சொல். வெள்ளரிக்காயை எவ்வளவு மெல்லிசாக நறுக்கவேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொடு. நானும் முதல் பஸ்தான். திருக்கழுக்குன்றம் தாண்டி எங்கேயாவது உன் பஸ்ஸும் என் பஸ்ஸும் எதிரெதிரே வரும். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் கையைக் காட்டு. அண்ணியைப் பார்த்துவிட்டோம், ஒரு வார்த்தை பேசலாம் என்று இறங்கிவிடாதே. நான் இறங்கமாட்டேன்.